இடுப்புப் பட்டியும் ஒரு சகோதரியின் கடிதமும்



இம்மாதம் ஆடை பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அதிலும் இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பற்றி. மௌலவிக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தத்தை உண்டாக்கியது ஒரு கடிதம்.

எழுதியவர் 23 வயதுச் சகோதரி. முன்பள்ளி ஆசிரியை. ஊரும் பேரும் வேண்டாம். உயரம் 4 அடி 9 அங்குலம், அதாவது சுமார் 145 சென்ரிமீற்றர். இதுவரை மூன்று இடத்தார் அவரைப் பெண் பார்த்துச் சென்றிருக்கிறார்கள். மூன்றும் "பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் கட்டை" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிட்டன. நான்காவது இடத்தார் வர இருக்கிறார்கள். அதற்காக உம்மா நான்கு விரல் அகலத்தில் பொன் நிறப் பெல்ட் ஒன்றும், நான்கு அங்குலக் குதியுள்ள செருப்பு ஒரு சோடியும் வாங்கி வைத்திருக்கிறாராம்.

"பெல்ட் கட்டினால் உயரமாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். முன்னரைவிடக் கட்டையாகத் தெரிகிறேன். எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் கட்டவே கூடாது என்றாவது எழுதிவிடுங்கள். உம்மா உங்கள் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்" என்று முடிகிறது கடிதம்.

இரண்டாவது பதில் எனக்கு இலகுவானது. வெளியே செல்லும்போது பெண்ணின் மேலாடை தளர்வாக, உடலின் அமைப்பை எடுத்துக் காட்டாததாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பெல்ட் அலுமாரிக்குள் போயிருக்கும். ஆனால் அந்தச் சகோதரியின் மனதில் உள்ள சுமை அப்படியே இருந்திருக்கும். கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு இரண்டு வாரம் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி பல வருடமாகத் தையல் தொழில் செய்பவள். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, "நீங்க கிதாபுல உள்ளத எழுதுங்க, தையல் விசயத்த நான் சொல்றன். அந்தப் புள்ளக்கிட்டக் குற்றமில்ல, பெல்ட்டுலதான் குற்றம்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டவைதான் இனி வருபவை. இடையிடையே என் சரக்கும் உண்டு.

கரும்பலகையில் ஒரு பரீட்சை

முதலில், பெல்ட் ஏன் அந்தச் சகோதரியைக் குறைத்துக் காட்டியது? இதை விளங்கிக்கொள்ள என் வகுப்பில் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். கரும்பலகையில் ஓரடி நீளத்தில் கிடையாக ஒரு கோடு. அதன் நடுவில் இருந்து மேல்நோக்கி, அதே ஓரடி நீளத்தில் நிமிர்ந்த ஒரு கோடு. "எது நீளம்?" என்று கேட்டேன். பிள்ளைகள் நிமிர்ந்த கோட்டைக் காட்டினார்கள். அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றே.

நிமிர்ந்து நிற்பதால்தான் நீளமாகத் தெரிகிறதோ என்று அதே படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வரைந்தேன். இப்போது நடுவில் வெட்டப்பட்ட கோடு நிமிர்ந்து நிற்கிறது, வெட்டப்படாதது படுத்திருக்கிறது. இம்முறையும் வெட்டப்படாத கோடுதான் நீளம் என்றார்கள். நடுவில் ஒன்று குறுக்கே தொட்டுப் பிரித்துவிட்டால், உள்ள நீளத்தைவிடக் குறைவாகவே கண் கணக்கிடுகிறது. வீட்டில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து நீங்களும் செய்து பார்க்கலாம்.

கண் இவ்வாறு தவறும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலின் ஏழு பாகங்களில் மூன்றாவது பாகம் முழுவதும் பார்வை செய்யும் பிழைகளைப் பற்றியதே.

இனிப் பொன் நிறப் பெல்ட்டுக்கு வருவோம். கடும் நிற ஆடையின் நடுவே பளபளக்கும் அகலமான பட்டி ஒன்று ஆளைச் சரிபாதியாகப் பிரித்துவிடுகிறது. பார்ப்பவரின் கண் தலையிலிருந்து பாதம் வரை ஒரே ஓட்டமாகப் போவதில்லை. இடுப்பில் நின்று, மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என்று எண்ணுகிறது. ஐந்தரை அடி உயரமானவருக்கு இது பாதிப்பல்ல. 4 அடி 9 அங்குலக்காரருக்கு இருப்பதும் குறைந்து தெரியும்.

அகலமும் நிறமும்

"தோளிலிருந்து இடுப்புவரை முதுகுப் பக்கம் அளந்து பாருங்க" என்றாள் என் வீட்டுக்காரி. உயரம் குறைந்த பல பெண்களுக்கு அந்த அளவு 15 அங்குலம் அளவில், சிலருக்கு அதிலும் குறைவாகவே இருக்கும். மூன்று அங்குலப் பெல்ட் கட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெல்ட்டே பிடித்துக்கொள்ளும். பிறகு மேலுடல் எங்கே தெரிவது? ஆகவே சிறிய உடலுக்கு அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையான மெல்லிய பட்டி போதும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகவே வேண்டாம். பக்கிளும் சிறிதாக இருக்க வேண்டும். பெரிய பக்கிள் பார்ப்பவர் கண்ணை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆடையின் நிறத்திலேயே பட்டியும் இருப்பது மிகச் சிறந்தது. கருநீல உடுப்புக்குக் கருநீலப் பட்டி. அப்போது இடுப்பு ஒழுங்காகத் தெரியும், கண்ணும் தடைப்படாது. மேலும் கீழும் இரு நிறமாக உடுப்பவர்கள் தம் உடலமைப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மேலுடல் நீண்டு கால்கள் குட்டையாக இருந்தால், பட்டி கீழாடையின் நிறத்தில் இருக்கட்டும். கால் நீண்டு தெரியும். கால் நீண்டு மேலுடல் குட்டையாக இருந்தால், மேலாடையின் நிறத்தில் பட்டியைக் கட்டிச் சற்று இறக்கி விடலாம். மேலுடல் நீண்டு தெரியும். பெல்ட் கட்டியும் பயனில்லை என்பவர்களில் பலர் இந்த இரண்டையும் மாற்றிக் கட்டியவர்களே.

எங்கே கட்டுவது?

இடுப்பின் மிக ஒடுங்கிய இடம் எது என்று அறிய ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்து பாருங்கள். மடியும் இடம்தான் உங்கள் உண்மையான இடுப்பு. உயரம் குறைந்தவர்களுக்குப் பட்டி அந்த இடத்தில் அல்லது அதற்கு ஓர் அங்குலம் மேலே இருப்பது நல்லது. கால்பகுதி நீண்டு, உடல் சரிபாதியாகப் பிரியாமல் இருக்கும். இடுப்பு எலும்பின் மேல் தளர்வாகத் தொங்கவிடும் பெல்ட் உயரமானவர்களுக்கு உரியது. சிறியவர்களுக்கு அது காலைத்தான் குறைக்கும்.

கடையில் வாங்கும் ஆயத்த ஆடைகளில் ஒரு மறைவான கோளாறு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நடுத்தர உயரத்தவர்களுக்காக வெட்டப்பட்டவை. ஆகவே பெல்ட் கோர்க்கும் லூப்புகள் சிறிய பெண்ணுக்கு இடுப்பில் இராமல் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீழே இறங்கி நிற்கும். நாம் ஆடையைக் குறை சொல்லாமல் நம் உடலைக் குறை சொல்கிறோம். இரண்டு பக்கத் தையலிலும் உள்ள லூப்பைப் பிரித்து, உங்கள் இடுப்புக்கு ஏற்ப உயர்த்தித் தைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

மேற்குலக ஆடை வணிகத்தில் 5 அடி 4 அங்குலமும் அதற்குக் குறைவும் உள்ள பெண்களுக்கென்றே 'பெட்டீட்' என்ற தனி அளவு வரிசை உண்டு. இது பருமனைக் குறிப்பதல்ல, உயரத்தைக் குறிப்பது. 1940களில் ஹன்னா டிராய் என்ற அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் இதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர். இந்த அளவுகளில் கையும் கீழ்க்கரையும் மட்டுமன்றி, தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நீளமும் குறைத்தே வெட்டப்படும். நம் நாட்டில் 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல் நம் பெண்பிள்ளைகளின் கைகள் உலகத்துக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கின்றன. ஏற்றுமதியில் மிஞ்சிய துணிமணிகள் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளுக்கும் வருவதுண்டு. அளவுச் சிட்டையில் இலக்கத்தோடு 'பீ' என்ற ஆங்கில எழுத்துச் சேர்ந்திருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்காகவே வெட்டப்பட்டதாக இருக்கலாம்.

வீட்டிலேயே தைக்கலாம்

தோல் பெல்ட்டை விடத் துணிப் பட்டி சிறிய உடலுக்கு மிக இசைவானது. மலிவானதும்கூட. உடுப்புத் தைத்த துணியிலேயே மூன்று அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால், மடித்துத் தைத்த பின் ஓர் அங்குலப் பட்டி கிடைக்கும். உள்ளே மெல்லிய கன்வஸ் வைத்தால் சுருளாது. கொளுவியோ பக்கிளோ வைப்பதானால் இடுப்புச் சுற்றளவுக்கு மேல் ஏழெட்டு அங்குலம் போதும். முடிந்து கட்டுவதானால் ஒரு யார் அளவு கூடுதலாக வேண்டும். முடிச்சை நடுவில் போடாமல் ஒரு பக்கமாகப் போட்டு, இரு முனைகளையும் கீழே தொங்க விடுங்கள். அவை நிமிர்ந்த இரு கோடுகளாக நின்று, குறுக்குக் கோட்டின் வேகத்தைத் தணிக்கும்.

தோல் பெல்ட்தான் விருப்பம் என்றால் அளவு பார்த்து வாங்குங்கள். பெல்ட்டின் அளவு என்பது பக்கிள் மடிப்பிலிருந்து நடுத்துளை வரையான நீளம். நடுத்துளையில் மாட்டும்போது பொருந்தினால் அதுவே உங்கள் அளவு. மாட்டிய பின் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் வால் நீளக்கூடாது. நீளம் கூடியிருந்தால் சுட்ட ஆணியால் துளை போடாதீர்கள். தோல் கருகிப் பின்னர் கிழியும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் துளைக் கருவியால் சுத்தமாகப் போட்டுத் தருவார். பக்கிளைக் கழற்றக்கூடிய பெல்ட்டாக இருந்தால், பக்கிள் பக்கத்தில் வெட்டிக் குறைத்து மீண்டும் மாட்டலாம். துளையுள்ள பக்கத்தை வெட்டினால் பெல்ட்டின் வடிவம் கெடும்.

இறுக்கம் விடயத்திலும் கவனம் தேவை. கட்டிய பின் பட்டிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் துணி மேலும் கீழும் பிதுங்கி, ஒழுங்கு என்று நினைத்தது அலங்கோலமாகும். வயிற்றின் அழுத்தம் கூடி நெஞ்செரிவும் வரும். வலீமாவில் புரியாணி சாப்பிட்டுவிட்டு இறுக்கமான பெல்ட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கர்ப்பிணிச் சகோதரிகள் இடுப்பில் இறுக்கும் எதையும் தவிர்ப்பதே நலம்.

எங்கே, எப்போது?

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கே கட்டலாம் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். கணவருக்கு முன்னாலும், வீட்டிலும், பெண்கள் மட்டும் கூடும் பெருநாள், கலியாண வைபவங்களிலும் தாராளமாகக் கட்டலாம். அழகாக இருப்பது பாவமல்ல. வெளியே செல்லும்போது மேலாடை அதை மூடட்டும். அங்கும் உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. தோளிலிருந்து பாதம் வரை தடையின்றி இறங்கும் ஒரே நிற ஹபாயாவை விட உயர்த்திக் காட்டும் உடை வேறில்லை. கரும்பலகையில் நாம் பார்த்த வெட்டப்படாத கோடு அதுதான். பெண்கள் சபையில் மேலாடையை முன்பக்கம் திறந்து விட்டால், உள்ளே கட்டிய பட்டி நடுவில் மூன்று நான்கு அங்குலம் மட்டுமே தெரியும். இரு ஓரங்களும் நிமிர்ந்த கோடுகளாக நிற்கும். மெல்லிய உடலுக்கு இதைவிடப் பாந்தமான முறை இல்லை என்பது என் வீட்டுக்காரியின் தீர்ப்பு.

பட்டி கட்டிய தாய்மார்

இடுப்புப் பட்டி நேற்று வந்த நாகரிகமல்ல. தமிழில் மேகலை, ஒட்டியாணம் என்று அதற்கு எத்தனை பெயர்கள்! என் வாப்பா சாரத்துக்கு மேல் அகலமான வார் கட்டுவார். கடைக் காசு முழுவதும் அதன் உறைக்குள்தான் இருக்கும்.

பெண்களில் முதன்முதலாக இடுப்புப் பட்டி கட்டியவர் இஸ்மாயில் (அலை) அவர்களின் தாயார் ஹாஜர் (அலை) அவர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. தம் காலடித் தடத்தை மறைப்பதற்காக அவர் அதைக் கட்டினாராம். கி.பி. 622இல் நடந்த ஹிஜ்ரத்தின்போது, பயண உணவுப் பையைக் கட்டக் கயிறு கிடைக்காமல் அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) தம் இடுப்புப் பட்டியை இரண்டாகக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். 'தாத்துன் நிதாகைன்', இரு பட்டிக்காரி என்ற சிறப்புப் பெயர் அன்று முதல் அவருக்கு நிலைத்தது. அந்தப் பட்டியின் அகலம் எத்தனை விரல், அஸ்மா நாயகி எத்தனை அடி உயரம் என்று நாம் யாரும் கேட்பதில்லை.

உயரத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அன்னை ஸபிய்யா (ரழி) அவர்கள் உயரம் குறைந்தவர். ஒருமுறை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அதைச் சுட்டி ஒரு சிறு வார்த்தை சொன்னார்கள். கடல் நீரில் கலந்தால் அந்தக் கடலையே கெடுத்துவிடக்கூடிய சொல் அது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. ஏச்சுமல்ல, பொய்யுமல்ல. உள்ளதைச் சொன்ன ஒரு சொல்தான்.

நான் கடிதத்தை மூடி வைத்த காரணம்

பல வருடங்களுக்கு முன் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனோம். பிள்ளை தேநீர்த் தட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனார். திரைச்சீலை அசைவு நிற்பதற்கு முன்னரே, எங்கள் பக்கத்தில் வந்திருந்த ஒரு மூத்த பெண், "கட்டைதானே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே ஒரு கோப்பை தட்டில் மோதிய சத்தம் கேட்டது. ஸபிய்யா நாயகியின் ஹதீஸை அந்த வாரம்தான் நான் வகுப்பில் படித்துக் கொடுத்திருந்தேன். அன்று என் வாய் திறக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பிறகு அந்த வீட்டுக்கு "ஜாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லக்கூட நமக்கு வழியில்லையே. "பிள்ளைக்கு இன்னும் வயது இருக்கிறது" என்று ஏதோ சொல்லி அனுப்பினோம். சகோதரியின் கடிதத்தில் அந்தக் கோப்பைச் சத்தம் மறுபடியும் கேட்டது. அதனால்தான் மூடி வைத்தேன்.

இனி உங்களுக்கு என் பதில், சகோதரியே. பொன் நிறப் பெல்ட்டை உயரமான தோழி ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் உடுப்பின் துணியிலேயே ஓர் அங்குலப் பட்டி ஒன்று தைத்து வையுங்கள். பெருநாளைக்கு, தோழியின் கலியாணத்துக்குக் கட்டுங்கள். உங்கள் மனதுக்குப் பிடித்தால் நாளைக்கே வீட்டில் கட்டுங்கள். பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் நான்கு அங்குலக் குதிச் செருப்பு வேண்டாம். உடுப்பை ஒழுங்காக உடுத்துவது யாரையும் ஏமாற்றுவதாகாது. ஆனால் இல்லாத நான்கு அங்குலத்தைக் காட்டிப் பேசி முடித்த சம்பந்தம், செருப்பைக் கழற்றும் வாசற்படியிலேயே பேச்சுக்கு இடமாகும். 4 அடி 9 அங்குலத்தையே சொல்லி, அதற்குச் சம்மதித்து வருபவருக்காகக் காத்திருங்கள். அல்லாஹ் அதை இலகுவாக்கி வைப்பானாக.

உங்கள் உம்மாவுக்கு என் ஸலாம். அவர் மகளைக் குறைத்து நினைத்துப் பெல்ட் வாங்கவில்லை; மூன்று முறை கேட்ட சொல்லுக்குப் பயந்து வாங்கினார். அந்தப் பயத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள், ஆண்பிள்ளைகளின் வீட்டார்.

ஆகவே மகனுக்குப் பெண் தேடும் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் உங்களுக்கு ஒரு பிள்ளை பொருந்தாமல் போகலாம். அது உங்கள் உரிமை. ஆனால் காரணத்தை அந்த வீட்டுக்குள் சொல்லாதீர்கள். திரைச்சீலை மிக மெல்லியது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு கடிதத்தோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.